கயிறு பிடிக்க ஆளில்லாத சுழி: கொழும்புக் கடலில் ஐந்து நாள்

முதல் நாள், வெள்ளவத்தை

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் தனியாக இறங்கியதில்லை. கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து ஒருவர் அடிக்குப் போக, தோணியில் இன்னொருவர் அவருடைய கயிற்றைக் கையில் பிடித்தபடி நிற்பார். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால் மேலே தூக்குவது அவர் பொறுப்பு. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று கரையோரத்தில் ஒரு பேச்சு உண்டு. அக்காவின் தாலி தன் கையில் இருப்பதால் அவன் கண் அயரமாட்டான்.

சிலிண்டர்க் காற்றைச் சுவாசித்தபடி இறங்கும் ஸ்கூபாச் சுழியோட்டத்தில் அந்த மச்சானின் இடத்தில் கூடவே இறங்கும் சோடிக்காரர் இருக்கிறார். அவர் இல்லாமல் இறங்கினாலும் அவர் செய்துவந்த வேலைகள் இல்லாமல் போவதில்லை. இரண்டாவது காற்று, இரண்டாவது கண், வலையில் மாட்டினால் வெட்டிவிடும் கை, நேரத்தைக் கவனிக்கும் புத்தி, மேலே போய்ச் சொல்லும் வாய் என்று ஐந்து வேலை. ஐந்துக்கும் வேறோர் இடம் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு இடம் கிடைக்காவிட்டாலும் அன்றைக்குத் தனியாக இறங்கக் கூடாது.

முதலில் தகுதி. எஸ்டிஐ என்ற சுழியோட்டப் பயிற்சி நிறுவனத்தின் சோலோ டைவர் பயிற்சியில் சேர 21 வயதும் பதிவு செய்த 100 சுழிகளும் வேண்டும். ஒரு தடவை இறங்கி ஏறுவது ஒரு சுழி. அதேபோன்ற பாடி நிறுவனத்தின் செல்ஃப் ரிலையன்ற் டைவர் பயிற்சிக்கு 18 வயது போதும், சுழிக் கணக்கு அதே 100. இந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அந்த நூறில் எத்தனை இப்படிப்பட்ட கலங்கல் நீரில் நடந்தவை, எத்தனையில் திசைகாட்டியை நீங்களே பிடித்து வழிநடத்தினீர்கள் என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். நூறிலும் வழிகாட்டியின் துடுப்பைப் பார்த்தே நீந்தியவருக்கு இது நூற்றோராவது சுழி ஆகாது, முதலாவது சுழி. காப்புறுதிப் பத்திரத்தையும் இப்போதே வாசித்துவிடுங்கள். தனிச் சுழியை விலக்கிவைக்கும் ஒப்பந்தங்கள் உண்டு.

அடுத்தது பருவம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோழகம் அடிக்கும்போது கொழும்புக் கரையில் கடல் கொதிக்கும், படகு இறங்காது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை காற்று வடகிழக்கு வாடைக்கு மாறிவிடும். அப்போது தீவே மேற்குக் கரைக்கு மறைப்பாக நிற்கிறது. பருவம் தொடங்கும் நவம்பரிலேயே தனிச் சுழிக்கு வருவது நல்லதில்லை. இடைப்பருவ மழை களனி கங்கையின் சேற்றை முகத்துவாரம் வழியே கடலில் தள்ளிக்கொண்டிருக்கும். வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்களும் தம் பங்குக்குக் கலக்கும். ஜனவரி முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் நீர் தெளிந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். நீரின் வெப்பம் 27 முதல் 30 பாகை. 3 மில்லிமீற்றர் உடை போதும்.

வந்த அன்றைக்கு ஒரே வேலை, கடலைப் பார்ப்பது. வெள்ளவத்தையில் கரையோர ரயில் பாதையைக் கவனமாகத் தாண்டிக் கடற்கரைக்குப் போய், காலை 6 மணிக்கு ஒரு தடவையும் 11 மணிக்கு ஒரு தடவையும் நில்லுங்கள். காலையில் எண்ணெய் பூசியதுபோல் கிடக்கும் நீர், வெயில் ஏறியதும் கடற்காற்று எழுந்து வெள்ளை நுரை தட்டத் தொடங்கும். படகுக்காரர்கள் விடியலில் புறப்படுவது இதனால்தான். நுரை தட்டிய கடலில் ஒரு சுழியோடியின் தலையைக் கண்டுபிடிப்பது கடினம். சோடி இல்லாதவருக்கு அந்த ஒற்றைத் தலைதான் அடையாளம்.

எங்கே இறங்குவது என்பதைவிட எங்கே இறங்கக் கூடாது என்பதைத்தான் கொழும்பில் முதலில் முடிவு செய்ய வேண்டும். இந்த நகரத்துக்கு வெளியே கப்பல் சிதைவுகள் நிறைய. முதல் உலகப்போரில் ஜெர்மனியின் வுல்ஃப் என்ற கப்பல் துறைமுகத்துக்கு அப்பால் கண்ணிவெடிகளை விதைத்துவிட்டுப் போனது. அதில் 1917 பெப்ரவரி 17ஆம் திகதி வோர்ஸ்டர்ஷயரும், நான்கு நாள் கழித்து பெர்சியஸும் மூழ்கின. இரண்டும் 40 மீற்றரை ஒட்டியும் அதற்குக் கீழேயும் கிடக்கின்றன. தெற்கே பாணந்துறைப் பக்கம் 2012இல் மூழ்கிய தெர்மோபிலே சியரா ஆழம் குறைந்தது, அதனாலேயே மனதை இழுப்பது. ஆனால் சிதைவு என்றால் கூரை, இருட்டு, துருப்பிடித்த விளிம்பு, அதில் சிக்கிக் கிடக்கும் தங்கூசி வலை. தனியாக இறங்குபவருக்கு நேராக மேலே போகும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். சிதைவுகளைச் சோடியோடு போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தனிச் சுழிக்கு ஏற்றது கல்கிசைக்கு அப்பால் உள்ள கற்பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், ஒன்று. அடி 14 மீற்றருக்குள் இருக்க வேண்டும். சோடியோடு ஒரு முறையாவது இறங்கிப் பார்த்த இடமாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள், நீச்சல் குளம்

இன்று கடல் இல்லை. காலை முழுவதும் சாமான், மதியம் குளம்.

முதுகுச் சிலிண்டர் வழக்கமான 11.1 லீற்றர் அலுமினியம். வாடகைக்கு எடுப்பதென்றால் கழுத்தில் குத்தியிருக்கும் அழுத்தச் சோதனைத் திகதியைப் பாருங்கள். வாயிலுள்ள ரப்பர் ஓ வளையத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், கீறல் தட்டினால் மாற்றச் சொல்லுங்கள். சிலிண்டர்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேற்றர், வால்வுக்குள் திருகிப் பூட்டும் டின் வகையென்றால், கவ்விக்கான அடாப்டர் இரண்டு கொண்டுவர வேண்டும். ஒன்று முதுகுச் சிலிண்டருக்கு, ஒன்று போனிக்கு.

போனி என்பது தனி ரெகுலேற்றரும் தனி அழுத்தமானியும் உள்ள சிறு சிலிண்டர். மச்சானின் கயிறு இதுதான். 3 லீற்றர் உருக்குச் சிலிண்டர் நல்ல அளவு, ஏன் என்பதற்கு நாளை கணக்கு வரும். முதுகுச் சிலிண்டரோடு சேர்த்துக் கட்டுவோரும் உண்டு, இடது விலாவில் இரண்டு கொக்கியால் தொங்கவிடுவோரும் உண்டு. தொங்கவிடுவதே சரி என்பேன். வால்வும் மானியும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், வலையில் மாட்டினால் கழற்றி முன்னால் கொண்டுவரலாம். முதுகில் கட்டிய போனியில் காற்று கசிந்தால் அதைச் சொல்லச் சோடிக்காரர்தான் வேண்டும். அவர்தான் இல்லையே.

போனியின் வாய்ப்பகுதியை இலாஸ்ரிக் வளையத்தில் கோத்துத் தாடைக்குக் கீழே மாலையாகப் போட்டுக்கொள்ளுங்கள். கைகள் வேறு வேலையில் இருந்தாலும் குனிந்து பல்லால் கவ்விவிடலாம். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. இரண்டு வாய்ப்பகுதிகளும் ஒரே மாதிரி இருந்தால் அவசரத்தில் போனியைக் கவ்விக்கொண்டே படகிலிருந்து குதித்துவிடுவார்கள். மூச்சு சுகமாக வரும், முதுகு மானியில் முள் அசையாது, மனம் மகிழும். சில நிமிடங்களில் 12 மீற்றரில் மூச்சு இறுகும். அந்த நேரத்தில் வாயில் இருப்பது எது என்றே தெரியாத குழப்பம் வரும். இதைத் தடுக்கப் போனியின் வாய்ப்பகுதியைச் சுற்றி முரட்டு நாடா ஒட்டுங்கள், விரல் தொட்டதும் தெரியட்டும். கடலில் 5 மீற்றரில் நின்று இரண்டு மானிகளையும் பாருங்கள். முதுகு மானி கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் மேலே போங்கள்.

போனி வால்வைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று வாதம் உண்டு. மூடி வைத்தால் கசியாது. ஆனால் மூச்சு நின்ற கணத்தில் வால்வைத் தேடித் திறக்க வேண்டும். முதல் தனிச் சுழிக்குத் திறந்தே வையுங்கள், 5 நிமிடத்துக்கொரு தடவை மானியைப் பாருங்கள்.

முகமூடி இரண்டு. உபரி முகமூடி தொடைப் பையில். புதிதாக வாங்கியதென்றால் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், தொழிற்சாலையில் படிந்த படலம் போகாவிட்டால் அவசரத்துக்கு மாட்டும்போது பனி மூடிவிடும். வெட்டும் கருவியும் இரண்டு, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. கணுக்காலில் கட்டும் பெரிய கத்தி பார்வைக்கு நன்றாக இருக்கும், தோள் வலையில் சிக்கினால் கை அங்கே போகாது. தங்கூசிக்குச் சிறிய கொக்கிக் கத்தி போதும். நைலோன் கயிற்றுக்கு மருத்துவர்கள் உடை வெட்டும் மழுங்கல் முனைக் கத்தரி. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு எச்சரிக்கும் டைவ் கொம்பியூற்றர் இரண்டு. இரண்டும் வேறு வேறு சொன்னால் அதிகம் எச்சரிப்பதை நம்புங்கள். 1.5 மீற்றர் நீளமுள்ள செம்மஞ்சள் மிதவை, 30 மீற்றர் நூல் சுற்றிய உருளை, திசைகாட்டி, விசில், சிறு கண்ணாடி, டோர்ச். இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், கமரா கண்டிப்பாக வேண்டாம். சோடி இல்லாதவருக்குக் கவனம்தான் பாதி காற்று.

குளத்தில் செய்ய வேண்டியவை நான்கு. இரண்டு மீற்றர் ஆழத்தில் மிதந்தபடி முகமூடியைக் கழற்றிவிட்டு உபரியை எடுத்து மாட்டுவது முதலாவது. ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், உடம்பு ஒரு மீற்றருக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. முதுகு ரெகுலேற்றரைத் துப்பிவிட்டுப் போனியைக் கவ்வுவது இரண்டாவது. கண்ணை மூடி, பத்துத் தடவை. மூன்றாவது, தலைக்குப் பின்னால் உள்ள வால்வைச் சொந்தக் கையால் தொட்டுத் திருப்புவது. பலரால் எட்டாது. எட்டாவிட்டால் சிலிண்டரை இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டுங்கள், அப்போதும் எட்டாவிட்டால் இடுப்புப் பட்டியைத் தளர்த்தி எட்டப் பழகுங்கள். நான்காவது மிதவை ஏவுதல், அதாவது உருளை நூலில் கட்டிய மிதவையில் காற்றடைத்து மேலே அனுப்புவது. உருளையை எக்காரணம் கொண்டும் உடம்போடு கொக்கி போடாதீர்கள். நூல் சிக்கினால் மிதவை உங்களையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போகும்.

ஈய எடையையும் இன்றே பார்த்துவிடலாம். போனி சேர்ந்தால் பழைய எடை கூடிவிடும். சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மீதமிருக்கும்போது, மிதப்பைச் சரிசெய்ய ஊதும் ஜக்கெட்டில் காற்றில்லாமல், சாதாரண மூச்சில் கண்மட்டத்தில் மிதந்தால் அதுதான் அளவு. குளத்து நன்னீரில் பார்த்த எடை கடலில் சற்றுப் போதாது, நாளை உப்புநீரில் மறுபடி பாருங்கள். நிறைந்த சிலிண்டரில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 150 பார் காற்றைச் சுவாசித்து முடிக்கையில் சுமார் 2 கிலோ எடை போய்விடுகிறது, கடைசியில் 5 மீற்றரில் நிற்கமுடியாமல் மேலே எழும்புவீர்கள்.

இந்த மிதப்பை நாடித்தான் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் கடலுக்குள் வந்தார் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. விண்வெளியின் எடையற்ற நிலைக்கு மிக அருகில் போகும் வழி என்று சுழியோட்டத்தைப் பழகியவர் 1956இல் இந்தத் தீவுக்கு வந்து குடியேறி, 2008இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். பொரளை மயானத்தில் அடக்கம். நடக்க முடியாமல் சக்கர நாற்காலிக்குப் போன பிறகும் அவரால் சுழியோட முடிந்தது. நீருக்கடியில் கால்கள் பாரமில்லை.

மூன்றாம் நாள், சோடியோடு கடல்

நாளைக்கான கற்பாரில் இன்று சோடியோடு இறங்க வேண்டும். இரண்டு நோக்கம்: இடத்தைப் பழகுவது, மூச்சை அளப்பது.

10 மீற்றரில் நிலையாக நின்று மானியைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் சாதாரண வேகத்தில், ஆழம் மாறாமல் நீந்துங்கள். மறுபடி குறியுங்கள். 180 பார் 153 ஆகியிருந்தால் போனது 27 பார். அதை 11.1ஆல் பெருக்கினால் சுமார் 300 லீற்றர், நிமிடத்துக்கு 30. பத்து மீற்றரில் அழுத்தம் 2 பார் என்பதால் இரண்டால் வகுத்தால் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 15 லீற்றர். இதுதான் உங்கள் எண்.

நாளைய திட்டத்தில் இந்த 15ஐப் போடாதீர்கள், 20 போடுங்கள். தனியாக இறங்கும் முதல் நாளில் மூச்சு வேகமாகும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் ஆகும்.

14 மீற்றரில் அழுத்தம் 2.4 பார். 20ஐப் பெருக்கினால் நிமிடத்துக்கு 48 லீற்றர். 200 பாரில் சிலிண்டருக்குள் 2,220 லீற்றர் இருக்கிறது. மூன்றாகப் பிரித்தால் பங்கு 740. ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடக்கூடாதது. 740ஐ 48ஆல் வகுத்தால் 15 நிமிடம். ஆகவே போக 15, வர 15, மொத்தம் 30 நிமிடம். பங்கொன்று 67 பார், அதனால் முள் 135ஐத் தொட்டதும் திரும்ப வேண்டும். நேரம் 15 ஆனாலும் திரும்ப வேண்டும். எது முந்துகிறதோ அது.

இப்போது போனி. பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பாகும் என்று வைத்து நிமிடத்துக்கு 40 லீற்றர் போடுங்கள். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள 14 மீற்றரில் ஒரு நிமிடம்: 96 லீற்றர். நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் 5 மீற்றருக்கு ஏற ஒரு நிமிடம்: 78. அங்கே பாதுகாப்பு நிறுத்தமாக 3 நிமிடம் நிற்க 180. மிச்ச 5 மீற்றரை மெதுவாக ஒரு நிமிடத்தில் ஏற 50. கூட்டினால் 404 லீற்றர். 3 லீற்றர் போனியில் 200 பாருக்கு 600 லீற்றர் இருக்கிறது. 150 பார்தான் நிரப்பிக் கொடுத்தாலும் 450, சமாளிக்கலாம். 13 கன அடிப் போனியில் சுமார் 370 லீற்றர்தான், பாதுகாப்பு நிறுத்தத்தைக் கைவிட வேண்டி வரும். 85 லீற்றர் கொள்ளும் கையடக்கச் சிறு போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டு வருபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். முதல் நிமிடத்தின் 96க்கே அது பற்றாது.

போனிக் காற்றை மூன்று பங்குக் கணக்கில் சேர்ப்பது பெரிய தவறு. அது சோடியின் காற்று. சோடியின் காற்றை நம்பி யாரும் பத்து நிமிடம் கூடுதலாக இருப்பதில்லை.

இன்றைய சுழியின் இரண்டாம் பாதியில் குளத்தில் செய்த நான்கையும் கடலில் செய்து பாருங்கள். சோடிக்காரர் மூன்று மீற்றர் தள்ளி நிற்பார், கை கொடுக்க மாட்டார். அவர் கை கொடுக்க நேர்ந்தால் நாளைய தனிச் சுழி தள்ளிப்போகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திசைக்கும் ஒரு அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள்: கொழும்பில் கரை வடக்குத் தெற்காக ஓடுகிறது, 90 பாகை கிழக்கைப் பிடித்தால் கரைப்பக்கம். வழி தவறினால் கற்பாரில் தேடிச் சுற்றாமல் மிதவையை ஏவி மேலே வாருங்கள்.

இரவு கொத்து ரொட்டியும் பியரும் வேண்டாம். இடியப்பம், சொதி, நிறையத் தண்ணீர், ஒன்பது மணிக்குத் தூக்கம். தடிமன் பிடித்திருந்தால் மருந்து போட்டுக்கொண்டு இறங்கலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். அடியில் மருந்தின் வீரியம் இறங்கினால் காதும் சைனசும் அடைபட்டு மேலே ஏறமுடியாமல் வலிக்கும்.

நான்காம் நாள், தனியாக

காலை 6 மணி. படகு கரையைவிட முன் படகுக்காரரிடம் ஒரு அட்டை கொடுக்க வேண்டும், சிங்களத்திலும் தமிழிலும் எழுதியது. இறங்கும் நேரம், மேலே வரும் நேரம், தேடத் தொடங்கும் நேரம், யாரை அழைப்பது. "தம்பி, எத்தனை மணிக்கு மேலே வருவீங்க?" என்று அவர் கேட்பதற்கு வாயால் பதில் சொன்னால் மறந்துபோகும். அட்டையில் 7.20 இறக்கம், 7.55 மேலே, 8.10 ஆகியும் காணாவிட்டால் தேடல் என்று இருக்கட்டும். அம்புலன்ஸ் 1990. சுழியோட்ட நோய்க்குச் சிகிச்சை தரும் மறுஅழுத்த அறை உள்ள வைத்தியசாலையின் எண்ணைச் சுழியோட்ட நிலையத்திடம் முதல் நாளே கேட்டு அதன் கீழே எழுதுங்கள். படகில் ஒட்சிசன் போத்தல் இருக்கிறதா என்று கேட்பது போதாது. திறந்து, முள் ஏறுகிறதா, முகக்கவசம் இருக்கிறதா, திறக்கும் சாவி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். படகில் இன்னொரு சுழியோடி சாமான் பூட்டித் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாக இறங்குபவருக்கும் மேலே கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும்.

சோடிச் சோதனைக்குப் பதிலாகத் தன்னைத்தானே சோதிப்பது. வாயால் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கையால் தொடுங்கள். முதுகு வால்வை முழுவதும் திறந்து, மானியைப் பார்த்தபடி நான்கு மூச்சு இழுங்கள். முள் துள்ளினால் வால்வு அரைகுறையாகத்தான் திறந்திருக்கிறது. மேலே சுகமாக மூச்சு வரும், 14 மீற்றரில் இறுகும். போனியிலும் அப்படியே நான்கு மூச்சு. ஜக்கெட்டை ஊதி, விட்டு, மறுபடி ஊதிப் பாருங்கள். எடைப் பட்டி வலதுகையால் கழலுமா? இரண்டு வெட்டுக் கருவியும் தொட்டாயிற்றா? உபரி முகமூடி பைக்குள்ளேயா, படகுத் தட்டிலா?

இறங்கலாமா என்று கடைசியாகக் கேட்க வேண்டிய இடம் இது. நங்கூரக் கயிறு 5 மீற்றருக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாவிட்டால், நீரோட்டத்தில் கயிறு சாய்ந்து நின்றால், நெஞ்சு படபடப்பு மூன்று நிமிட மூச்சுக்கும் அடங்காவிட்டால், இன்று சோடியோடு இறங்குங்கள். படகுக் கூலி வீணாகிறதே என்று இறங்குவது கூடாது.

நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடியே இறக்கம். 5 மீற்றரில் நின்று இரண்டு மானிகள், குமிழி கசிகிறதா, காது சரியா. பிறகு அடி.

அடியில் முதல் இரண்டு நிமிடம் நீந்த வேண்டாம். நங்கூரத்தின் அருகே மணலில் முழங்கால் படாமல் மிதந்து, மூச்சை எண்ணுங்கள். பலருக்கும் இந்த இடத்தில் தலை தானாக இடப்பக்கம் திரும்பும், சோடியைத் தேடி. யாருமில்லை என்பது முதல் தடவை நெஞ்சில் தட்டும். சொந்த மூச்சின் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். நிமிடத்துக்குப் பத்து மூச்சுக்கு மேல் போனால் வெளிமூச்சை நீட்டுங்கள். உள்மூச்சைப் பிடித்துவைக்காதீர்கள். கரியமிலவாயு தேங்கித்தான் பதற்றம் கூடுகிறது.

பிறகு நீரோட்டத்துக்கு எதிராகப் புறப்படுங்கள், திரும்பும்போது அது தள்ளிவிடும். கற்பாரின் விளிம்பை இடப்பக்கம் வைத்துப் போனால் வலப்பக்கம் வைத்து வர வேண்டும். 5 நிமிடத்துக்கொரு தடவை ஆழம், நேரம், முதுகு மானி, போனி மானி, திசை. நடுவில் பார்க்க நிறைய இருக்கிறது. கல்லிடுக்கில் சிறகு விரித்து நிற்கும் சிங்க மீன், வாய் திறந்து பார்க்கும் கலவாய், தலைக்கு மேலே வளைந்து போகும் பாரைக் கூட்டம். தனியாக இறங்கும்போது மீன்கள் நெருங்கி வருவதாகச் சுழியோடிகள் சொல்வதுண்டு. ஒருவருடைய குமிழியும் அசைவும் மட்டும் என்பதால் இருக்கலாம். இந்த அமைதிக்காகத்தான் இவ்வளவு கணக்கும்.

கோளாறு வந்தால் முறை ஒன்றுதான்: நில், மூச்சை விடு, யோசி, பிறகு செய். மானிக்குப் போகும் உயரழுத்தக் குழாய் கசிந்தால் சீறும் சத்தம் பயமுறுத்தும், ஆனால் அதன் துளை மிகச் சிறியது, ஏற நேரம் இருக்கிறது. ஜக்கெட்டுக்கோ வாய்க்கோ போகும் தாழழுத்தக் குழாய் வெடித்தால் நிறைந்த சிலிண்டரும் சில நிமிடங்களில் காலியாகும். அப்போது குழாயை ஆராயாமல் போனிக்கு மாறி ஏறுங்கள். ஊதும் பொத்தான் ஒட்டிக்கொண்டு ஜக்கெட் தானாக நிரம்பினால் குழாயை இணைப்பிலிருந்து பிடுங்கிவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். தங்கூசி காலில் சுற்றினால் திரும்பிப் பார்க்க உடம்பைச் சுழற்றாதீர்கள், சுற்று இறுகும். வந்த திசையிலேயே பின்வாங்கி, தடவி, வெட்டுங்கள். எந்தக் கோளாறாக இருந்தாலும், சரி செய்துவிட்டாலும், சுழி அத்தோடு முடிகிறது. இரண்டாவது கோளாறு முதலாவதோடு சேரும்போதுதான் ஆட்கள் போகிறார்கள்.

135 பார் அல்லது 15 நிமிடம் வந்ததும் திரும்பி நங்கூரத்துக்கு. கயிற்றைக் கண்டுபிடித்தால் அதிலேயே ஏறலாம். ஆனாலும் 5 மீற்றரில் மிதவையை ஏவிவிட்டு மூன்று நிமிடம் நிற்கும் பழக்கம் நல்லது. இந்தக் கடலில் மீன்பிடிப் படகுகள் சுழியோடிக் கொடியை அறியாமலே குறுக்கே ஓடும், செம்மஞ்சள் மிதவை அவர்கள் கண்ணுக்கும் தெரியும். கடைசி 5 மீற்றரில் ஒரு கையை மேலே நீட்டி, சுற்றிப் பார்த்தபடி, இயந்திரச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்து ஏறுங்கள். மேலே வந்ததும் ஜக்கெட்டை நிரப்பி, தலையில் கை வைத்துச் சைகை. படகுக்காரர் பதில் சைகை காட்டும்வரை வாயிலிருந்து ரெகுலேற்றரை எடுக்க வேண்டாம்.

படகில் ஏறியதும் செவ்விளநீர். அடுத்த சுழி இன்றைக்கு இல்லை. நன்றாகப் போயிற்று என்ற உற்சாகத்தில் இன்னொன்று கேட்பார்கள். கேட்டாலும் வேண்டாம்.

ஐந்தாம் நாள், உலர்த்தும் நாள்

போனி ரெகுலேற்றரை அழுத்தத்தில் வைத்தே நன்னீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அழுத்தம் இல்லாமல் ஊறவைத்து வாய்ப்பகுதியின் பொத்தானை அமுக்கினால் உப்புக் கரைந்த நீர் உள்ளே போகும். பயன்படுத்தாத உபரி முகமூடியையும், நூல் உருளையையும் கழுவ மறந்துவிடுவார்கள். உருளையின் நூலை முழுவதும் இழுத்துவிட்டு உலர்த்தி மறுபடி சுற்றுங்கள். போனியில் மிச்சமுள்ள காற்றை அப்படியே அடுத்த மாதம்வரை வைத்து நம்ப வேண்டாம், அடுத்த சுழிக்கு முன் நிரப்பி, மானியால் அளந்து, நான்கு மூச்சு இழுத்துப் பாருங்கள்.

பதிவேட்டில் ஆழமும் நேரமும் எழுதுவது வழக்கம். இன்றைக்கு அதோடு, திட்டமிட்ட 20 லீற்றருக்கு எதிராக உண்மையில் எத்தனை போயிற்று என்று கணக்கிட்டு எழுதுங்கள். 17 என்று வந்தால் அடுத்த தனிச் சுழிக்கும் 20ஏ போடலாம். 24 என்று வந்தால் இன்னும் சில சுழிகள் சோடியோடு, ஆனால் தனியாக இருப்பதுபோல். எந்தக் கணத்தில் சோடியைத் தேடினீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

மாலை கடற்கரையில் நடந்தால் மணலில் வெள்ளைப் பருப்புப்போலச் சிறு பிளாஸ்ரிக் மணிகள் இன்னும் கண்ணில் படும். 2021 மே மாதம் துறைமுகத்துக்கு வெளியே எரியத் தொடங்கி ஜூன் 2ஆம் திகதி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் சரக்கு அது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக்கமிலமும் இருந்தது. ஒரு கைப்பிடி பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டால் கடலுக்குத் திரும்பாது.

கொழும்புக்கு வந்தவர்கள் பலரும் செய்யும் அடுத்த வேலை கோட்டையில் பதுளை ரயில் ஏறுவது. அது விமானம் ஏறுவதற்குச் சமம். நுவரெலியா 1,868 மீற்றர், எல்ல சுமார் 1,000 மீற்றர், வழியில் பட்டிப்பொல நிலையம் 1,891 மீற்றர். உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேறும் முன் உயரம் போனால் மூட்டு வலியிலிருந்து முடக்கம்வரை வரலாம். சுழியோடிகளின் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் வழிகாட்டல்படி ஒற்றைச் சுழிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து இறங்கியவருக்குக் குறைந்தது 18 மணி நேரம். நேற்றும் அதற்கு முதல் நாளும் இறங்கியதால் 18ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றுக் காலை 7.55க்கு மேலே வந்தவருக்கு அது இன்று அதிகாலை 1.55க்கு முடிந்துவிட்டது. இன்றும் யாராவது இறங்கியிருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது, ரயில் நாளைக்கு.